எரிமலைத் துப்பாக்கி நிறுவனம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்குப் பகுதியில் கனெக்டிகட் என்னும் ஆறு வடக்கினின்று தெற்கு நோக்கி ஓடிக் கடலிற் கலக்கின்றது. அவ்வாற்றின் பள்ளத்தாக்கிலும், அதனை அடுத்த கடற்கரை நகர்களிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரும்புத் தொழில் பெருகி வளர்ந்தது. மலைச் சரிவினின்று இறங்கும் சிற்றாறுகளின் நீர்விசை பட்டறைச் சக்கரங்களைச் சுழற்றிற்று. ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் நகரில் அரசினரின் படைக்கலச் சாலை இருந்தது. நியூ ஹேவன் நகரை அடுத்து எலி விட்னி என்பார் நிறுவிய துப்பாக்கித் தொழிலகம் இருந்தது. ஹார்ட்ஃபோர்டு நகரில் சாமுவேல் கோல்ட் என்பார் தம் சுழல் துப்பாக்கிகளை ஆயிரக்கணக்கிற் செய்து குவித்தார். தந்தையிடமோ தமையனிடமோ இளமையிலேயே தொழில் பழகிய கம்மியர் பலர் அந்நாட்டில் ஒரு பட்டறையினின்று மற்றொரு பட்டறைக்குச் செல்வதும், தாம் கற்ற நுட்பங்களை உடன் கொண்டு செல்வதும் வழக்கமாக இருந்தன.

அத்தகைய நிலத்தில் 1855ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நிறுவனம் தோன்றியது. அதன் பெயர் வால்கானிக் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி என்பது. வால்கானிக் என்னும் சொல் எரிமலையைச் சார்ந்தது என்று பொருள்படும். எரிமலை இடையறாது தீயைக் கக்குமாறு போல, மீண்டும் மீண்டும் நிறுத்தாது சுடவல்ல துப்பாக்கி என்பது கருத்து. பெயர் பெரிதாக இருந்ததேயன்றி வாழ்நாள் பெரிதாக இல்லை. 1857ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே அந்நிறுவனம் நொடித்து வீழ்ந்தது. தோன்றியது முதல் மறைந்தது வரை இரண்டு ஆண்டுகள்கூட நிரம்பவில்லை. ஆயினும் பிற்காலத்தில் உலகெங்கும் அறியப்பட்ட ஸ்மித்–வெஸ்ஸன், வின்செஸ்டர் என்னும் இருபெரும் நிறுவனங்களும் இதனோடு தொடர்புடையனவே. வீழ்ந்த ஒரு சிறு நிறுவனத்தின் வரலாறு அறியத்தக்கதாக இருப்பது இதனாலேயே ஆம்.

இந்நிறுவனம் தானே முளைத்தது அன்று. இதற்கு முன்னோர் பலர் உளர். அவர்களுள் முதல்வர் நியூயார்க் நகரில் வாழ்ந்த வால்டர் ஹண்ட் என்பவர். 1796இல் பிறந்த இவர் புதியன கண்டுபிடிப்பதில் ஈடில்லாத மூளையும், கண்டதைப் பொருளாக்குவதில் ஏதும் அறியாத கையும் படைத்தவர். தையற்பொறியின் அடிப்படையாகிய இரட்டை நூற்பின்னலை எலியாஸ் ஹவ் என்பவர்க்கு முன்னரே இவர் கண்டார். ஆயினும், ஏழைத் தையற்பெண்டிர் பிழைப்பிழப்பரே என அஞ்சி அதற்கு உரிமை தேடாது விட்டார் என்பர். இன்று நாம் ஊக்கு என்று வழங்கும் பொருளையும் 1849இல் வடித்தவர் இவரே. பதினைந்து டாலர் கடனைத் தீர்ப்பதற்காக ஒரு துண்டுக் கம்பியை வளைத்து இதனைக் கண்டார் என்றும், அவ்வுரிமையை 400 டாலருக்கு விற்றுவிட்டார் என்றும் கூறுவர். உலகத்துத் தாய்மாரெல்லாம் ஒவ்வொரு நாளும் கையாளும் ஒரு பொருளுக்கு அதனை ஆக்கியோன் பெற்ற ஊதியம் அவ்வளவே.

இந்த ஹண்ட் 1848ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஒரு புதுவகைக் குண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் புதுமையை உணர்தற்கு அக்காலத்துத் துப்பாக்கியின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். அன்றைய வீரன் ஒருவன் ஒருமுறை சுட்டபின், குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்கி, பின்புறத்துக் காம்பின்மேல் கேப்பு எனப்படும் வெடிமூடியைச் செருகிய பிறகே மீண்டும் சுட இயலும். தேர்ந்த வீரனும் ஒரு நிமிடத்தில் மூன்று முறைக்குமேற் சுடுதல் அரிது. கோல்ட் செய்த சுழல் துப்பாக்கியில் ஐந்தாறு அறைகளை முன்னரே நிரப்பி வைக்கலாம். ஆயினும் அவை தீர்ந்தபின், ஒவ்வோர் அறைக்கும் மருந்தும் குண்டும் மூடியும் தனித்தனியே இடல் வேண்டும். ஹண்ட் இத்தொல்லையை அறுக்க எண்ணினார். குண்டின் அடிப்புறத்தைக் குடைந்து, அக்குழிவினுள்ளேயே மருந்தை அடைத்து, தீப்பொறி உட்செல்லுதற்கு நடுவில் துளையுள்ள தக்கை ஒன்றால் மூடினார். குண்டும் மருந்தும் ஒரே பொருளாயின. இதற்கு அவர் இட்ட பெயர் ராக்கெட் பந்து என்பது.

மறு ஆண்டில், அத்தகைய குண்டுகளைக் குழலின்கீழ் அமைந்த மற்றொரு நீண்ட குழாயில் வரிசையாக அடைத்து, நெம்புகோல்களை இயக்கி ஒவ்வொன்றாக மேலேற்றிச் சுடும் துப்பாக்கிக்கும் ஹண்ட் காப்புரிமை பெற்றார். கருத்து அரியதே. ஆனால் அப்பொறியில் நுண்ணிய உறுப்புகள் பல இருந்தமையின் அஃது அடிக்கடி முடங்கிற்று. அதனைச் செம்மை செய்யப் பொருளும் பொறுமையும் ஹண்டிடம் இல்லை. உரிமை அவர் கையினின்று ஜார்ஜ் ஏரோஸ்மித் என்பார் கைக்கும், பின்னர் கோர்ட்லண்ட் பாமர் என்னும் நியூயார்க் இரும்புச் சாமான் வணிகர் கைக்கும் மாறியது. இடையில் லூயிஸ் ஜென்னிங்ஸ் என்னும் தொழிலறிஞர் அதன் உறுப்புகளைக் குறைத்து எளிதாக்கி, 1849ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தம் பெயரில் ஓர் உரிமை பெற்றார்.

பாமர் இத்துப்பாக்கியைச் செய்து தருமாறு வெர்மாண்ட் மாநிலத்து விண்ட்சர் நகரில் இருந்த ராபின்ஸ்–லாரன்ஸ் தொழிலகத்தாரிடம் ஒப்படைத்தார். அத்தொழிலகம் சாதாரணமானது அன்று. ஒரு துப்பாக்கியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றிற் பொருத்தினும் பிழையின்றிப் பொருந்துமாறு, எல்லா உறுப்புகளையும் ஒரே அளவிற் பொறிகளைக் கொண்டு கடைந்தெடுக்கும் முறையில் அஃது அந்நாட்டின் முன்னணியில் நின்றது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெரும் பொருட்காட்சியில் அதன் துப்பாக்கிகளைக் கண்டு வியந்த ஆங்கிலேய அரசினர், பின்னர் அதனிடமே பொறிகள் வாங்கித் தம் என்ஃபீல்டு படைக்கலச் சாலையில் நிறுவினர். அத்துணைத் தேர்ச்சி பெற்ற கைகளுக்கும் ஜென்னிங்ஸ் துப்பாக்கி அடங்கவில்லை. அதனைச் செம்மை செய்யுமாறு பாமர் ஹோரேஸ் ஸ்மித் என்பவரை அமர்த்தினார். அவரும் 1851இல் சில திருத்தங்கள் கண்டார். எனினும் செய்த துப்பாக்கிகளிற் பலவற்றை, தொடர்ந்து சுடும் உறுப்பை நீக்கி, ஒருமுறை சுடும் வெறுந்துப்பாக்கிகளாகவே விற்க நேர்ந்தது. பாமருக்குப் பொருள் இழப்பே மிஞ்சிற்று. ஆயினும் அந்த விண்ட்சர் தொழிலகத்தில் மேற்பார்வையாளராக இருந்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்னும் இளைஞர் அப்பொறியின் குற்றங்களையெல்லாம் கண்ணாரக் கண்டு மனத்திற் கொண்டார். அவரை நாம் மீண்டும் காண்போம்.

ஹோரேஸ் ஸ்மித் 1808இல் பிறந்தவர். படைக்கலத் தொழிலில் நெடுநாட் பழகியவர். டேனியல் வெஸ்ஸன் என்பார் அவரினும் பதினேழு ஆண்டு இளையவர். துப்பாக்கி செய்வதிற் பெயர்பெற்ற தம் தமையன் எட்வினிடம் மாணாக்கராய் அமர்ந்து தொழில் கற்றவர். இவ்விருவரும் கூட்டுச் சேர்ந்து கனெக்டிகட் மாநிலத்து நார்விச் நகரில் ஒரு பட்டறை தொடங்கினர். பாமர் பொருள் உதவினார். 1854ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14ஆம் நாள் அவர்கள் ஒரு காப்புரிமை பெற்றனர். இதுவே ஸ்மித்–வெஸ்ஸன் என்னும் பெயர் தாங்கிய முதற் கூட்டு.

அவர்கள் செய்த திருத்தம் யாது? துப்பாக்கி வெடிக்குங்கால் மருந்தின் விசை குண்டை முன்னே தள்ளுவது போலவே அடைப்பைப் பின்னேயும் தள்ளும். அவ்வடைப்பு பின்வாங்காது நிற்றல் வேண்டும். ஆனால் அடுத்த குண்டை ஏற்றுங்கால் எளிதிற் பின்வாங்கவும் வேண்டும். ஒன்றற்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற, முழங்கால் போல மடங்கும் இரு துண்டு இணைப்பொன்றை அமைத்தனர். நிமிர்ந்து நிற்கும் காலை முன்னிருந்து தள்ளினால் அது மடங்காது. முழங்காலின் பின்புறத்தில் விரலால் தட்டினாலோ உடனே மடங்கிவிடும். அவ்வாறே நிமிர்ந்த நிலையில் அவ்விணைப்பு வெடியின் முழு விசையையும் தாங்கிற்று. கீழே உள்ள நெம்புகோலை விரலால் முன்னே தள்ளியவுடன் இணைப்பு மடங்கி அடைப்புப் பின்வாங்கிற்று. கீழ்க்குழாயினின்று ஒரு குண்டு மேலே வந்தது. நெம்புகோலைப் பின்னே இழுத்தவுடன் குண்டு குழலினுட் சென்று அமர, இணைப்பு மீண்டும் நிமிர்ந்தது. கையை முன்னும் பின்னுமாக ஒருமுறை அசைத்த அளவில் துப்பாக்கி மறுபடியும் சுடுதற்கு ஆயத்தமாயிற்று. ஹண்ட் குண்டில் வெடிமூடி வேறாக இருந்தது. இவர்களோ வெடிமருந்தைத் தூண்டும் பொருளையும் குண்டின் அடியிலேயே அடைத்தனர்.

காண்பார்க்கு இது மாயம் போலத் தோன்றியிருத்தல் வேண்டும். பணம் உடையோர் பலர் இதனை நாடினர். 1855இல் நியூ ஹேவன் நகரத்தாரும் பிறருமாகப் பங்குதாரர் சேர்ந்து, ஸ்மித், வெஸ்ஸன், பாமர் ஆகிய மூவரிடமிருந்தும் உரிமைகளையும் பொறிகளையும் விலைக்குப் பெற்று வால்கானிக் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் மூலதனம் 1,50,000 டாலர். ஒரு பங்கு 25 டாலராக 6,000 பங்குகள் வகுக்கப்பட்டன. உரிமைகளை விற்ற மூவரும் விலையை ரொக்கமாகவும் பங்குகளாகவும் பெற்றனர். 1856இல் தொழிலகம் நார்விச்சினின்று நியூ ஹேவனுக்கு மாறியது. புதிதாகச் சேர்ந்த பங்குதாரருள் ஆலிவர் வின்செஸ்டர் என்பவரும் ஒருவர். இவர் துப்பாக்கி செய்பவர் அல்லர். சட்டை தைத்து விற்கும் தொழிலகத்தார். 1810இல் பாஸ்டனில் பிறந்து, இளமையில் தச்சு வேலை பார்த்து, பின் ஆடை வாணிகத்தில் இறங்கி, கழுத்துப்புறத்தில் இறுக்காத சட்டை வெட்டு முறை ஒன்றிற்கு 1848இல் உரிமை பெற்றுப் பொருள் ஈட்டியவர். ஓர் இரும்புத் திருகின் வகையைக்கூட அறியாத இவரே பிற்காலத்தில் அத்தொழிலின் பெருந்தலைவராயினார். தொழில் அறிவு ஒன்று, தொழிலை நடத்தும் அறிவு மற்றொன்று என்பதற்கு இவரைக் காட்டலாம்.

நிறுவனம் இருவகைப் படைக்கலங்கள் செய்தது. ஒன்று கைத்துப்பாக்கி, மற்றொன்று தோளிற் சாய்த்துச் சுடும் குறுந்துப்பாக்கி. கைத்துப்பாக்கிகளிற் சிறியன ஆறு குண்டுகளும் பெரியன எட்டும் பத்தும் கொள்வன. குறுந்துப்பாக்கிகள் குழாயின் நீளத்துக்கேற்ப இருபது முதல் முப்பது வரையிற் கொண்டன. வேறு எந்தத் துப்பாக்கியும் அன்று அத்துணை விரைவாகச் சுட இயலாது. அங்ஙனமாயின் அது விலைபோகாமைக்குக் காரணம் என்னை?

காரணம் பொறியில் இல்லை, குண்டில் இருந்தது. மருந்து முழுவதும் குண்டின் வயிற்றினுள்ளேயே அடங்க வேண்டியிருந்தமையின் அதன் அளவு மிகக் குறைந்தது. குழிவைப் பெரிதாக்கினால் ஈயம் மெலிந்து குண்டு எடை குன்றும். ஈயத்தைத் தடிப்பாக்கினால் மருந்துக்கு இடம் குன்றும். எவ்வாறு செய்யினும் இரண்டிலொன்று கெடும். ஆகவே அக்குண்டு குறைந்த விசையோடு சென்றது. கோல்ட் சுழல் துப்பாக்கியின் குண்டோடு ஒப்பிட, இதன் தாக்கு மிகவும் மெலிந்ததே. காட்டு விலங்குகளுக்கும் பகைவர்க்கும் அஞ்சித் துப்பாக்கி வாங்குவோன் எத்தனை முறை சுடும் என்று மட்டும் பார்ப்பானா, சுட்டது தைக்குமா என்றும் பார்ப்பானா?

மற்றொரு குறையும் உண்டு. தோட்டாவுக்கு உலோக உறை இருப்பின், வெடிக்குங்கால் அவ்வுறை சூட்டாலும் அழுத்தத்தாலும் விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். புகையும் தீயும் பின்னே கசியாமல் அதுவே அடைத்து நிற்கும். சுட்டபின் சுருங்குவதால் எளிதிற் கழன்றும் வரும். வால்கானிக் குண்டுக்கு உறையே இல்லை. குண்டு முன்னே பறந்தபின் பின்புறத்தை அடைப்பதற்கு உலோகத்தோடு உலோகம் சேர்ந்த பொருத்தன்றிப் பிறிதில்லை. ஆகவே வெடிவளி பின்னே கசிந்தது. மேலும், ஒரு குண்டு வெடியாது போயின் அதனைப் பின்புறமாக இழுத்தெடுக்கக் கொக்கி மாட்டுதற்கும் அதில் இடமில்லை. குழலின் வாய்வழியே கோலை விட்டுத் தள்ள வேண்டியதாயிற்று. விரைந்து சுடுதற்கென்றே செய்த துப்பாக்கி அந்நேரத்திற் பழைய துப்பாக்கியினும் பிந்தியது.

இக்குறைகளை மெல்ல ஆராய்ந்து நீக்க அந்நிறுவனத்திற்குப் பொழுது வாய்க்கவில்லை. உரிமைகளை வாங்குவதிலும் பொறிகளை நிறுவுவதிலும் மூலதனம் பெரிதும் கரைந்துபோயிற்று. விற்பனையோ வேலையாட்களின் கூலிக்கும் போதவில்லை. வின்செஸ்டர் உள்ளிட்டோர் கடன் கொடுத்துத் தாங்கிப் பார்த்தனர். தொழிலின் உயிராக இருந்த ஸ்மித்தும் வெஸ்ஸனும் இதற்குள் விலகிவிட்டனர். 1857ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுவனம் கடனிறுக்க வகையற்று நொடித்தது. அதன் உடைமைகளை வின்செஸ்டர் தம் வயமாக்கிக் கொண்டு, அவ்வாண்டிலேயே நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி என்னும் புதிய பெயரில் அதே நகரில் தொழிலைத் தொடர்ந்தார். பங்குதாரர் பலர்க்கு இட்ட பணம் போயிற்று. கடன் கொடுத்தவராகவும் வாங்கியவராகவும் நின்ற வின்செஸ்டருக்கோ தொழில் முழுவதும் கிடைத்தது. இதனை அவருடைய துணிவு என்பாரும் உளர், சூழ்ச்சி என்பாரும் உளர். மூழ்கிய கலத்தை விலைக்கு வாங்க அன்று வேறெவரும் முன்வரவில்லை என்பதையும் நினைத்தல் வேண்டும்.

விலகிச் சென்ற இருவரும் வாளா இருக்கவில்லை. அவர்கள் 1856இல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மீண்டும் கூட்டுச் சேர்ந்தனர். வால்கானிக் குண்டு கற்பித்த பாடத்தை அவர்களைக் காட்டிலும் நன்கு உணர்ந்தவர் இலர். உறையில்லாத குண்டைக் கைவிட்டுச் செப்புறையின் விளிம்பினுள்ளே தூண்டுமருந்தை வைத்த சிறு தோட்டாவை அவர்கள் செம்மை செய்தனர். அதனைப் பின்புறமாக இடுதற்கு, முன்பின் துளைத்த அறைகளையுடைய சுழலுருளை வேண்டியிருந்தது. அதற்கு 1855ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் ரோலின் வைட் என்பவர் முன்னரே உரிமை பெற்றிருந்தார். ஒரு துப்பாக்கிக்கு 25 சென்ட் வீதம் அவருக்குக் கொடுப்பதாக அவர்கள் ஒப்பந்தம் செய்தனர். ஆனால் அவ்வுரிமையைப் பிறர் மீறினால் வழக்காடிக் காக்கும் பொறுப்பை வைட்டின் தலையிலேயே வைத்தனர். 1857 முதல் 1869 வரை அவ்வகைத் துப்பாக்கிக்கு அந்நிறுவனமே உரிமை பூண்டு பெருஞ்செல்வம் ஈட்டியது. வைட் பெற்ற பொருளிற் பெரும்பகுதி வழக்குகளிலேயே அழிந்தது. அவர்க்கு உரிமையை நீட்டித் தரும் வழியைத் திறந்த சட்டத்தைக் குடியரசுத் தலைவர் கிராண்ட் 1870இல் ஏற்க மறுத்துவிட்டார்.

நியூ ஹேவனிலோ 1857ஆம் ஆண்டு நற்காலமாக வாய்க்கவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க வங்கிகள் பல முறிந்து வாணிகம் எங்கும் தளர்ந்தது. புதிய நிறுவனம் பழைய வால்கானிக் துப்பாக்கிகளையே செய்து விற்க முயன்று இழப்பையே கண்டது. வின்செஸ்டர் தம் சட்டைத் தொழிலின் ஊதியத்தைக் கொண்டு அதனைத் தாங்கினார். அவர் செய்த அறிவுடைய செயல் ஒன்று உண்டு. விண்ட்சரில் அப்பொறியின் பிறப்பையே கண்டிருந்த பெஞ்சமின் ஹென்றியைத் தொழிலகத்தின் மேற்பார்வையாளராக அமர்த்தி, குண்டின் குறையை நீக்கும் பணியை அவரிடம் விட்டார்.

ஹென்றி பொறியைப் பெரிதும் மாற்றவில்லை. முழங்கால் இணைப்பு அப்படியே நின்றது. அதற்கேற்ற தோட்டாவைத்தான் அவர் புதிதாக வகுத்தார். அது செப்புறையும், விளிம்பில் தூண்டுமருந்தும், 216 கிரெயின் எடையுள்ள ஈயக்குண்டும், ஏறத்தாழ 25 கிரெயின் கருமருந்தும் உடையது. குறுக்களவு அங்குலத்தில் நூற்றில் 44 பங்கு. தோட்டாவின் விளிம்பை இருபுறமும் ஒருங்கே தாக்குமாறு கவைமுனையுள்ள ஊசியையும், வெற்றுறையைப் பற்றி இழுத்தெறியும் கொக்கியையும் சேர்த்தார். 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஹண்ட் கருவுற்று, ஜென்னிங்ஸ் வளர்த்து, ஸ்மித்தும் வெஸ்ஸனும் உருவம் கொடுத்த பொறிக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின்னரே தகுந்த உணவு கிடைத்தது. அதனைக் காண ஹண்ட் உயிரோடு இல்லை. அவர் 1859இல் மறைந்தார்.

அடுத்த ஆண்டே அந்நாட்டில் வடக்கும் தெற்குமாகப் பிரிந்து உள்நாட்டுப் போர் மூண்டது. பதினாறு தோட்டாக்கள் கொள்ளும் ஹென்றித் துப்பாக்கியை அரசினர் விரைந்து வாங்கியிருப்பர் என நினைத்தல் இயல்பு. அவ்வாறு நிகழவில்லை. படைக்கலத் துறையின் தலைவராக இருந்த ரிப்ளி என்னும் தளபதி, விரைந்து சுடும் துப்பாக்கிகள் தோட்டாவை வீணாக்கும் என்று கருதினார். போர் முடியும் வரையில் ஐக்கிய நாட்டு அரசு நேராக வாங்கிய ஹென்றித் துப்பாக்கிகள் 1,731 மட்டுமே. ஆயினும், திங்களுக்கு 13 டாலர் ஊதியம் பெற்ற வீரரிற் பலர், 40 டாலருக்குமேல் விலையுள்ள இதனைத் தம் கைப்பொருள் கொண்டே வாங்கினர். தம் உயிரைக் காக்குமென்று நம்பிய பொருளுக்கு மூன்று திங்கள் ஊதியத்தை ஈந்த அவர்கள் நிலை எண்ணத்தக்கது. 1866 வரையில் ஏறத்தாழ 14,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன. படைக்கலத்தின் பெருமையைப் பேசுங்கால் அது செய்த அழிவையும் மறத்தல் ஆகாது. பின்னாளில் மேற்றிசைச் சமவெளிகளில் குடியேறியோரும், தம் நிலத்தை இழந்து வந்த தொல்குடியினரும் இதனையே ஏந்தி ஒருவரையொருவர் மாய்த்தனர். 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லகோட்டா, செயன் மக்கள் படைத்தலைவர் கஸ்டரின் அணியை அழித்தபோது அவர்களிடம் ஹென்றித் துப்பாக்கிகளும் அதன் வழிவந்தனவும் இருந்தன. களத்தை அகழ்ந்தோர் கண்டெடுத்த வெற்றுறைகள் இதனைக் காட்டுகின்றன.

தொழில் தழைத்தபோது தொழிலகத்துள் மனக்கசப்பும் முளைத்தது. தம் உழைப்பிற்கேற்ற ஊதியம் கிடைக்கவில்லை என்று ஹென்றி கருதினார். வின்செஸ்டர் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்த காலத்தில், நிறுவனத்தின் உரிமையைத் தமக்கு வழங்குமாறு அவர் கனெக்டிகட் சட்டமன்றத்தை வேண்டினார். செய்தி அறிந்த வின்செஸ்டர் விரைந்து மீண்டு அம்முயற்சியைத் தடுத்தார். 1866இல் தம் பெயரையே இட்டு வின்செஸ்டர் ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனியை நிறுவிப் பழையதை அதனுள் அடக்கினார். ஹென்றி வெளியேறித் தனித்துத் தொழில் செய்து, 1898இல் மறைந்தார். இவ்வழக்கில் நீதி எப்பக்கத்தது என்று அறுதியிடல் எளிதன்று. பொருளிட்டவன் இழப்பைத் தாங்கினான் என்பதும் மெய், கைத்திறன் இன்றி அப்பொருள் ஒருநாளும் திரும்பியிராது என்பதும் மெய்.

புதிய நிறுவனத்தின் முதல் துப்பாக்கி 1866ஆம் ஆண்டு மாதிரி எனப்பட்டது. ஹென்றித் துப்பாக்கியின் கீழ்க்குழாயில் நெடுகப் பிளவிருந்தமையால் மண்ணும் தூசியும் புகுந்து பொறியை முடக்கின. தோட்டாக்களை முன்பக்கத்தினின்றே இடவும் வேண்டியிருந்தது. நெல்சன் கிங் என்பார் பொறிப்பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறு கதவம் அமைத்து, அதன்வழியே தோட்டா இடச் செய்து இக்குறையை நீக்கினார். 1873, 1876ஆம் ஆண்டு மாதிரிகளிலும் நார்விச் பட்டறையில் அமைத்த அதே முழங்கால் இணைப்பே இருந்தது. ஜான் பிரௌனிங் என்னும் பெருந்தொழிலறிஞர் வகுத்த 1886ஆம் ஆண்டு மாதிரியிலேதான், மேலும் கீழும் நகரும் தாழ்கள் அதன் இடத்தைப் பெற்றன. நொடித்துப்போன நிறுவனத்தின் பொறி அதன் மறைவுக்குப்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முதன்மையாக விளங்கிற்று.

வின்செஸ்டர் நிறுவனத்தையும் காலம் விடவில்லை. முதல் உலகப்போரின்போது அளவிறந்து விரிந்த அது, பின்னர்க் கடனில் ஆழ்ந்து 1931இல் ஓலின் குடும்பத்தார் வயமாயிற்று. 1981இல் நியூ ஹேவன் தொழிலகத்தை வேலையாட்களே வாங்கி யூ. எஸ். ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் கம்பெனி என்னும் வழித்தோன்றல் நிறுவனத்தை அமைத்தனர். அதுவும் 1989இல் நொடித்துப் பிறர் கைக்கு மாறியது. 2006இல் அத்தொழிலகத்தின் கதவுகள் அடைக்கப்பட்டன.

தம் நிறுவனத்தின் பெயரினின்று ஹென்றியின் பெயரை நீக்கிய வின்செஸ்டர், தோட்டாவின் அடியில் அவர் நினைவாகப் பொறித்துவந்த 'எச்' என்னும் முதலெழுத்தை மட்டும் நீக்கவில்லை. ஹென்றி வெளியேறிய பின்னரும், அவர் மறைந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த பின்னரும், நியூ ஹேவனில் செய்த விளிம்புவெடித் தோட்டாக்கள் அவ்வெழுத்தைத் தாங்கியே வெளிவந்தன.